ஐந்தாவது ஆள்

எங்கள் கூடத்துச் சீனப் படத்தில் நான்கு அறிஞர்கள் மரத்தடியில் பொழுதுபோக்குகிறார்கள். ஒருவர் மடியில் யாழ் போன்ற ஒன்றை வைத்து மீட்டுகிறார். இருவர் பலகையில் காய் வைத்து விளையாடுகிறார்கள். ஒருவர் ஓவியச் சுருளை விரித்துப் பார்க்கிறார். கீழ் மூலை வெறும் கறுப்பு. தேயிலைத் தோட்டத்துத் துரை நாட்டை விட்டுப் போகும்போது, மாலைகளில் தன்னோடு காய் விளையாடிய என் அப்பாவுக்கு நட்பாகக் கொடுத்த படம். அப்பா அப்படித்தான் சொன்னார். பாடசாலை அதிபராக இருந்த காலம் முழுவதும் நானும் அப்படித்தான் சொன்னேன். என் மகள் சுகிர்தாவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் தரகர் அதைச் சொல்லியிருந்தார்.

கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. மாற்றுவதற்கு அக்குறணையில் அஹ்னாபின் பிரேம் கடையில் கொடுத்தேன். வியாழக்கிழமை சுகிர்தாவோடு போனேன்.

"மாஸ்டர், கண்ணாடியோட ஒட்டி மூலைக் கறுப்பு உரிஞ்சி வந்திச்சி," என்றார் அஹ்னாப். "இது சீனத்து மை இல்ல. கதவுக்கு அடிக்கிற பெயின்ட். அடியில இன்னொராள் இரிக்கிறாரு."

படத்தின் அந்த மூலையில் வேலைக்காரன் ஒருவன் குந்தியிருந்து அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தான். அடுப்பின் மேல் கேத்தல்.

"நாலு பேரும் சும்மா இரிக்கிறாங்களே, தேத்தண்ணி ஆரு ஊத்துற எண்டு நானும் யோசிச்சேன்." அஹ்னாப் சிரித்தார்.

சுகிர்தா சிரிக்கவில்லை. "தாத்தா வீட்ல ஒரு நாளும் கேத்தலத் தொட்டதில்லன்னு அம்மா சொல்லுவாங்க. பங்களாவுல அவருக்கு என்னப்பா வேலை?"

"வீட்ல பேசிக்கலாம்."

பேசவில்லை. பங்களாக் குசினியில் அப்பா சமையல் அப்புவாக இருந்தது எனக்குத் தெரியும். அவர் அந்த வேலைக்காரன் மேல் கறுப்புப் பூசியதுதான் தெரியாது.

அந்த மூலை மறையும்படி அகலமான மட்டை வைத்துச் சட்டம் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பிலிமத்தலாவையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் படத்தின் முன்னால் நின்றார்.

"இதுல உங்கப்பா மாதிரி யாருங்க?"

"காய் வைக்கிறவர்," என்றேன். குரல் பாடசாலைக் கூட்டத்தில் பேசுவது போலவே வந்தது.

சுகிர்தா தட்டில் தேநீர் கொண்டுவந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினாள். என்னிடம் வரும்போது தட்டு காலி.

அவர்களுக்குச் சம்மதம் என்று மாலையில் தரகர் சொன்னார்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி, மகள்."

"கேத்தல் அடுப்புல இருக்குப்பா. ஊத்திக்குங்க. தாத்தா நல்லா ஊத்தியிருப்பாரு."

நான் கதிரையை விட்டு எழவில்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அவள் போய் அடுப்பை அணைத்தாள்.