பண்டசோழநல்லூர் ஷெட்டில் நின்ற லிஃப்ட்

டேனியல் செத்து ஒரு மழைக்காலம் போன பிறகுதான் கார் தூக்கும் லிஃப்ட் ஒன்று வாங்கலாம் என்று விஜயராணி பேச்செடுத்தாள். அவள் புருஷன் பிரிட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பண்டசோழநல்லூரில் வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகர ஷெட்டில்தான் அண்ணன் பிரிட்டோவும் தம்பி டேனியலும் கார் வேலை பார்த்துவந்தார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிய ஒரு வேனுக்கு அடியில் டேனியல் படுத்திருந்தபோது ஜாக்கி சரிந்துவிட்டது. பிரிட்டோ அப்போது சாமான் வாங்க மதகடிப்பட்டுக்குப் போயிருந்தான். வந்தவன் முட்டி போட்டு உட்கார்ந்து, தம்பியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அக்கம்பக்கத்தார் வந்துதான் அவனை விலக்கினார்கள். அன்று இறக்கிய ஷட்டரை அவன் மறுபடி ஏற்றவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான்.

கை பழகிய வேலைக்குத் திரும்பினால் ஆள் பிழைத்துவிடுவான் என்று விஜயராணி நம்பினாள். ஜாக்கி என்ற பேச்சே இல்லாமல், காரைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, நின்றுகொண்டே வேலை பார்க்கலாம் அல்லவா?

முதலில் கடலூர் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பட்டறையில் பழைய லிஃப்ட் இருப்பதாகத் தெரிந்து இருவரும் போனார்கள். பிரிட்டோ லிஃப்டின் தூணைச் சுற்றிச்சுற்றி வந்தான். புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டி, அடியில் வெல்டிங் விரிசல் விட்டிருந்ததைக் காட்டினான். ஒரு பக்கத் தூணில், ஏறிய வண்டியைப் பிடித்து நிறுத்தும் லாக் வேலை செய்யவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் கண்ணில் பழைய கவனத்தைப் பார்த்த சந்தோஷத்தில், வெறுங்கையோடு திரும்புவது விஜயராணிக்கு உறைக்கவே இல்லை.

பிறகு மதகடிப்பட்டில் புது லிஃப்ட் விற்கும் பாக்யராஜிடம் போனார்கள். கடைக்குப் பின்னால் ரெண்டு தூண் லிஃப்டில் ஒரு கார் ஏறி நின்றது. பிரிட்டோ கேட்க ஆரம்பித்தான். கரண்ட் போனால் என்ன ஆகும்? ஆயில் பைப் வெடித்தால்? கம்பிவடம் அறுந்தால்? ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்? பாக்யராஜ் சலிக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏற ஏற இரண்டு தூணிலும் லாக் விழுந்துகொண்டே வரும், எது போனாலும் வண்டி அந்த லாக்கில் உட்கார்ந்துவிடும். தரைதான் முக்கியம், வயல்மண்ணில் மேலாகப் பூசிய தரை தாங்காது, தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும்.

"நம்பிக்கை இல்லன்னா அடியில வந்து நில்லுண்ணே," என்று தானே போய்க் காருக்கு அடியில் நின்றான் பாக்யராஜ்.

பிரிட்டோ நகரவில்லை. காரை ஏந்தும் கைகள் விலகாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டான். எவ்வளவு விவரமாகக் கேட்கிறான் என்றுதான் விஜயராணி அப்போது நினைத்தாள்.

ஷெட்டின் பழைய தரையை உடைத்தார்கள். கூரையை உயர்த்தினார்கள். புதுக் கான்கிரீட்டில் பாத்தி கட்டி, காலையும் மாலையும் அவளே தண்ணீர் ஊற்றினாள். தரை இறுகிய பிறகு பாக்யராஜின் ஆட்கள் வந்து தூண்களை நட்டுப் போல்ட் முடுக்கிவிட்டுப் போனார்கள்.

முதல் வண்டியைக் கொண்டுவந்தவர் கரையாம்புத்தூர் வாத்தியார் கலைவேந்தன். அடியில் ஏதோ சத்தம் வருகிறது என்றார். பிரிட்டோ காரை நேராக நிறுத்தினான், லிஃப்டின் நான்கு கைகளையும் சரியான இடத்தில் வைத்தான், பட்டனை அழுத்தினான். கார் ஆடாமல் அசையாமல் மேலே போய் நின்றது. அவன் ஸ்பேனரோடு தூணுக்கு வெளியே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். வாத்தியார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

பயத்தை ஒரு தடவை தாண்டிவிட்டால் போதும் என்று விஜயராணிக்குத் தோன்றியது. விறுவிறுவென்று போய்க் காருக்கு அடியில் நின்றாள். "பாருங்க, ஒண்ணும் ஆவல," என்றாள்.

பிரிட்டோ பாய்ந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது வுழாது ராணி. எனக்குத் தெரியும்," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்தாள்கிட்ட அத்தினி கேள்வி கேட்டனே, எதுக்குன்னு நெனச்ச? ஏதாவது ஒண்ணுக்கு பதில் இல்லன்னு சொல்லமாட்டானான்னுதான். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான். அப்போ இது இருந்திருந்தா தம்பி செத்திருக்கமாட்டான். அவன் கேட்டான் இல்ல?"

டேனியல் கேட்டிருந்தான். போனில் லிஃப்ட் படத்தைக் காட்டி அண்ணனிடம் கெஞ்சியது விஜயராணிக்கு நினைவு வந்தது. இத்தனை வருஷம் ஜாக்கியில் பார்க்காத வேலையா என்று பிரிட்டோ சிரித்தான். மாடியில் ஒரு அறை எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னது அவள்தான். மாடி அறை எழும்பியது. டேனியல்தான் அதற்கு ஒயரிங் செய்தான்.

வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் வாசல் பக்கம் போய் நின்றார். பிரிட்டோ எழுந்து, லாக்கை விடுவித்துக் காரை மெதுவாக இறக்கினான். சாவியை அவரிடம் நீட்டி, மதகடிப்பட்டில் வேறு பட்டறையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னான். கார் கரும்புத் தோட்டத்தை ஒட்டித் திரும்பி மறைந்ததும் ஷட்டரை இறக்கினான்.

விஜயராணி சோறு போட்டு எதிரே உட்கார்ந்தாள். இப்படி ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் டேனியலுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டான். குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பிரிட்டோ தட்டைத் தொடாமல் எழுந்து போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.