சூடு ஆறாத ரத்தம்

கைலாசபுரம் செபஸ்தியானின் கையிலிருந்து எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் போன பிறகும் ஆறவில்லை. புத்தூர் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் லிசி மதியச் சாப்பாடு முடித்து வந்து தொட்டபோதும், அது அப்போதுதான் ஊற்றி வைத்த காபி டம்ளர் மாதிரி சுட்டது. அந்தத் தெருவுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கணையத்தில் புற்று வந்தவர்களில் சிலருக்கு ரத்தம் அப்படித்தான். சூடு ஏற ஏற நாள் குறையும் என்பது எதிர் டீக்கடை வீரமலை வரைக்கும் தெரிந்த சங்கதி. டாக்டர் அனுசுயா அதை அழற்சி அளவு என்று எழுதுவார், தெருவில் சூடு என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "இந்தச் சூட்டுல பெரிய மருந்து குடுத்தா உடம்பு தாங்காதுங்க. வலிக்கு மட்டும் பார்த்துக்கிட்டா ஆறு மாசம் வீட்டோட நல்லா இருப்பார். சூடு தானா இறங்கினா சொல்லுங்க, அப்போ மருந்தை ஆரம்பிக்கலாம்" என்றார் அவர்.

செபஸ்தியானின் மனைவி டோரதியின் காதில் 'இறங்கினா' என்பது மட்டும்தான் விழுந்தது. பாய்லர் செய்கிற தொழிற்சாலைக்காரரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். மீட்டரில் முள் இறங்கினால் ஆபத்து போயிற்று என்று அவர் சொல்லக் கேட்டே பழகியவள், பாவம், வேறென்ன செய்வாள்? மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கழுத்தளவுக் காவிரியில் உட்கார வைத்தாள். மார்கழிக் குளிர். அவரைச் சுற்றி ஆவி பறந்தது. முதலில் முறைத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் ஒரு வாரத்தில் அவர் பக்கத்தில் இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஸ்வாமி, செத்த இப்படி நகர்ந்துக்கோங்கோ, எங்களுக்கும் வெந்நீர் கிடைக்கட்டும்" என்பார்கள். கழுத்தில் ஜெபமாலையோடு அவரும் நகர்ந்து கொடுப்பார்.

பொங்கல் கழித்து எடுத்த ரத்தம் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம், மருந்தை ஆரம்பித்தார். டோரதி மாதக்கணக்கில் மறந்திருந்த சிரிப்பைச் சிரித்தாள், தெருவுக்கே லட்டு கொடுத்தாள். இரண்டாம் முறை மருந்து ஏறியதும் செபஸ்தியானின் உடம்பு அடியோடு விழுந்துவிட்டது. வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போன லிசியிடம் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "முள்ளுதாம்மா இறங்குச்சு. அடுப்பு உள்ள அப்படியேதான் எரிஞ்சுது. எனக்கு முதல்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா அங்கிள் தினம் ஆத்துல போய் உக்காந்தீங்க?"

"அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, நீயே சொல்லு."

தவக்காலத்தில் செபஸ்தியான் இறந்தார். ஆறு மாதத்தில் பாதியைக்கூட அவர் பார்க்கவில்லை. "ஐயோ, நானே தண்ணில முக்கிக் கொன்னுட்டேனே" என்று டோரதி மார்பில் அறைந்துகொண்டு அழுததை நான்கு வீதி கேட்டது. லிசி வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, முதன்முதலில் எடுத்த ரத்தம் இருந்த அந்தக் கண்ணாடிக் குழாயை அவள் கையில் வைத்தாள். அது இன்னும் சுட்டது. விஷயம் தெரிந்த பிறகு டோரதியின் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. "எனக்காகவா ஆத்துக்கு வந்தீங்க, எனக்காகவா" என்று குழாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று வழக்கம்போல மழைத் தூறல். ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்தது, தீப்பெட்டியெல்லாம் நமுத்துப்போனது. டோரதி தீப்பெட்டியே கொண்டுவரவில்லை. குழாயைத் திரியில் ஒட்டிப் பிடித்தாள், பற்றிக்கொண்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, கொஞ்சம் இப்படிக் குடுங்க" என்று கையை மட்டும் நீட்டினார்கள். அவர் படித்துறையில் நகர்ந்து கொடுத்தது ஞாபகம் வர, அவளும் கொடுத்தாள். குழாய் கைமாறிக் கைமாறி வரிசை முழுக்கப் போய்விட்டு, அதே சூட்டோடு அவள் கைக்குத் திரும்பி வந்தது.