கறுப்புப் பொருக்கு

தரணீதரன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். பல் துலக்கினான். ஓர் ஆளுக்கு மட்டும் காப்பி வைத்துக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு ஆட்டுப்பட்டிக்குப் போய் நான்கு ஆடுகளின் காதுகளையும் புரட்டிப் பார்த்தான். ஒட்டியிருந்த உண்ணிகளைத் தலை அறுந்துவிடாமல் இடுக்கியால் இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பிகளில் போட்டான். ஒரு குப்பிக்கு ஓர் ஆடு. ஏழரைக்கு டையிங் லேபுக்கு, துணியில் சாயத்தின் ஷேடு பார்க்கும் வேலைக்குக் கிளம்பினான். மனைவி இந்துமதி இறந்த பிறகு அவன் காலைகள் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

அவள் போனது ஏழு நாள் காய்ச்சலில். டெங்கு என்றார்கள், பிறகு டெங்கு இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் டாக்டர் அவள் முழங்கைக்குக் கீழே இருந்த கறுப்புப் பொருக்கைத் தொட்டு, "இதென்ன?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் தரணீதரன் முந்திக்கொண்டான்.

"அயர்ன் சுட்டதுங்க. பனியன் கம்பெனில அயர்ன் பண்றவங்க எல்லார்த்துக்கும் இருக்குமுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. சாமளாபுரத்தில் அவள் வேலை பார்த்த செங்கோட்டையன் கம்பெனியில், அயர்ன் மேசைகளில் நிற்கும் பதினாறு பெண்களின் கையிலும் வடு உண்டு. சுட்டால் பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்பார்கள். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கல்லூரியில் கூடப் படித்த மதுமதி துக்கம் கேட்க வந்தாள். கோவையில் ஓர் ஆய்வகத்தில் கிருமிகளின் மரபணுவைச் சோதிப்பவள். ஆஸ்பத்திரியில் எடுத்து அவன் போனில் இருந்த இந்துமதியின் கைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"தரணி, இது சுட்டதாத் தெரியல. நடுவுல கறுப்பு, சுத்தியும் செவப்பு. உண்ணி கடிச்ச எடம் இப்படி ஆகும். சில உண்ணிக்குள்ள ரிக்கெட்சியான்னு ஒரு பாக்டீரியா இருக்கும். ஆனா வெறும் படத்த வெச்சு என்னால சொல்ல முடியாது."

"அதுக்கு மருந்து இருக்குதா?"

"இருக்கு. சாதாரண மாத்திரைதான். நேரத்துக்குக் குடுக்கணும்."

அவன் அழவில்லை. "உண்ணி கொண்டாந்தா சோதிப்பியா?" என்று மட்டும் கேட்டான். இனி ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவன் தன்னைப் போல முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் தடவை கொண்டுபோன குப்பிகள் வீணாயின. மார்க்கர் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தான். ஸ்பிரிட் கசிந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. எந்த உண்ணி எந்த ஆட்டுடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஷேடு பாக்கற ஆளு! மை எதுல கரையும்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?" என்றாள் மதுமதி.

அடுத்த முறை பென்சிலில் எழுதினான். அவள் உண்ணியை நசுக்கி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தாள். கிருமிக்கே உரிய ஒரு சிறு துண்டு அதில் இருந்தால், அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் கண்ணுக்குக் காட்டிவிடும் இயந்திரம். ஒன்றும் காட்டவில்லை. மூன்றாம் முறையும் ஒன்றுமில்லை.

"ஆட்ட உடு. ஊட்ல நாய் இருக்குதா?"

"ஊட்ல இல்ல" என்றவன் அங்கேயே நிறுத்தினான். கம்பெனியில் இருந்தது. அயர்ன் மேசைகளுக்கு அடியில், கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளின்மேல் படுத்துக் கிடக்கும். இந்துமதி தன் சோற்றில் பாதியை அதற்குத்தான் போடுவாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனான். அயர்ன் பிரிவு சூப்பர்வைசர் அன்புசெல்வி நாயின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் புடுங்குங்ணா. கடிச்சா என்னையத்தான் கடிக்கும், உங்களுக்கென்னுங்க?"

இருபத்து மூன்று உண்ணிகள். ஒன்பதாம் நாள் மதுமதி போன் செய்தாள்.

"ரெண்டுல இருக்கு. மரபணு வரிசையப் படிச்சு ஒப்பிட்டும் பாத்துட்டேன். ரிக்கெட்சியாதான்."

"அப்ப இந்துவுக்கு..."

"அவங்க ரத்தம் நம்மகிட்ட இல்லையே தரணி. அவங்களுக்கு இதுதான்னு என்னால எழுதித் தர முடியாது. இந்த நாய் மேல இருந்த உண்ணில இருக்குன்னு தரலாம்."

"அதை எழுதிக் குடு."

முதலாளி செங்கோட்டையன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நாய்க்கு ஊசி போட்டர்லாம் கண்ணு. மூட்டையெல்லாம் தூக்கிப்போட்டு மருந்தடிச்சர்லாம். இன்னைக்கே செய்யறேன். ஆனா இதென்ன, நோட்டீசு?"

தரணீதரன் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். காய்ச்சலோடு உடம்பில் கறுப்புப் பொருக்கும் இருந்தால், சுட்ட வடு என்று சொல்லாதீர்கள். இங்கே உண்ணி இருந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

"அடுத்த வாரம் கம்பெனியச் சுத்திப் பாக்க ஆடிட்டு வருது. கம்பெனிக்குள்ள உண்ணின்னு சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் பாத்தான்னா இந்தப் பக்கமே திரும்பமாட்டான்."

"பையருக்குத் தமிழ் தெரியாதுங்ணா."

"ஆடிட்டருக்குத் தெரியுமே!"

"அப்ப நான் கம்பெனி கேட்டுல நின்னுக்கறனுங்ணா. ஷிப்ட்டு உடற நேரத்துல ஒவ்வொருத்தர் கையாப் பாத்துச் சொல்லி அனுப்பறேன்."

"எத்தன நாளைக்கு நிப்ப?"

"மூணு மாசமா உண்ணி பொறுக்கீட்டு இருக்கறனுங்க."

செங்கோட்டையன் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. இவன் நிற்பான் என்று தெரிந்தது.

"ஏம்மா செல்வி, டேப்பு எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தார்.

தூணில் நோட்டீஸின் நான்கு மூலைகளையும் தரணீதரன் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். பெண்கள் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து படித்தார்கள். ஒருத்தி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். செங்கோட்டையன் அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எம்பட புருசனப் பாத்துக்கோங்கன்னு இந்து கடைசியாச் சொல்லுச்சுன்னு அவங்கம்மா சொன்னாங்க. எங்களை எதாச்சும் திட்டி வஞ்சுச்சா கண்ணு?"

"அவ கடைசியாப் பேசுனப்ப அத்தை ஆம்புலன்ஸ்ல இல்லீங்ணா. நாந்தான் இருந்தேன். அவ யாரையும் வையலீங்க."

"அப்பறம் என்ன சொல்லுச்சு?"

"'திங்கக்கெழம வந்தர்றேன்னு கம்பெனில சொல்லீருங்க, எம்பட டேபிள வேற ஆளுக்குக் குடுத்தறப் போறாங்க'ன்னா."