பாதம் பதித்த சான்றிதழ்

பதினேழு பேரைக் கப்பலேற்றும் பொறுப்பை நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பிக்கெட் குடும்பத்தில் அதற்கு முன்னால் உல்லாசக் கப்பலில் போனவள் நான் ஒருத்திதான். ஒன்பது தடவை போயிருக்கிறேன். அந்த ஒன்பதையும் ஞாயிறு தவறாமல் தேவாலய வாசலில் யார் காதிலாவது போட்டுவிடுவேன். கேட்பவர்களுக்குச் சலித்தாலும் எனக்குச் சலிக்காது. எங்கள் மேக்கன் ஊரில் என்னை "கப்பல் மகாராணி" என்பார்கள். கிண்டல்தான். எனக்கு அது பட்டமாகத்தான் கேட்டது.

இந்தப் பயணம் என் தம்பி ரூபஸுக்காக. அவனுக்கும் ஜோனெலுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஜோனெல் கோழி வெட்டும் ஆலையில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை பார்ப்பவள். பதினோரு வருடமாக, சேர்ந்தாற்போல் நாலு நாள் அவள் வீட்டில் இருந்ததில்லை. அவளை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக மதித்ததும் இல்லை. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த விடுதியில், எல்லாரும் ஒரே மாதிரி நீல டி-ஷர்ட் போட்டு, வெடிக்கும் அளவுக்கு உப்பிய பைகளோடு நின்றார்கள். நான் ஒரு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டேன்.

"நல்லா கேட்டுக்கங்க. வாசல்ல பெட்டியைக் குடுத்துட்டா சாயங்காலம்தான் ரூமுக்கு வரும். மாத்திரை, நீச்சல் டிரெஸ், அடையாளக் காகிதம், மூணும் கைப்பையில இருக்கணும். பெட்டிக்குள்ள வச்சுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"உத்தரவு, கேப்டன்!" என்று சித்தப்பா மகள் டெமெட்ரியா நெற்றியில் கை வைத்து விறைப்பாக நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜோனெல் மட்டும் தன் கைப்பையைத் திறந்து, காகிதம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. கூடத்துக்கு வெளியே கப்பல் பத்து மாடிக்கு மேல் எழுந்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. சுமையாள் பெட்டிகளை வண்டியில் அடுக்கினார். பாதுகாப்புச் சோதனை முடிந்தது. கவுண்டர் வரிசையில் நான் முதல் ஆளாக நின்று, பின்னால் திரும்பித் திரும்பி எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. அடுத்து ரூபஸ். அடுத்து ஜோனெல்.

அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வரும் கப்பல் என்றால், பிறப்புச் சான்றிதழும் படம் போட்ட அடையாள அட்டையும் போதும். ஜோனெல் தன் சான்றிதழைக் கண்ணாடித்தாள் உறையிலிருந்து பூப்போல எடுத்து வைத்தாள். அவள் அம்மா வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தங்க நிற ஓரம், ஆஸ்பத்திரியின் பெயர், அடியில் மை தடவிப் பதித்த இரண்டு குட்டிப் பாதங்கள்.

கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இது ஆஸ்பத்திரியில ஞாபகத்துக்குக் குடுக்கிறது. இது செல்லாதுங்க. மாநில அரசு முத்திரை போட்டது வேணும்."

"அதுல என் பேரு இருக்கே. அம்மா பேரு, தேதி, எல்லாம் இருக்கே."

"இருக்கும்மா. ஆனா இதை வச்சு ஏத்த எனக்கு அனுமதி கிடையாது. மூணு மணிக்குள்ள அரசாங்கத்துது கொண்டு வந்தா ஏத்திக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை. எந்த அரசு அலுவலகம் திறந்திருக்கும்? அது அவருக்கும் தெரியும்.

இப்போது என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதங்களை நான் அன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால், நான் தலைமுடி அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தபோது, ஜோனெல் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "இது சரிதானே அக்கா?" என்று கேட்டிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. நாலாவது பயணத்தில் ஒரு பெண்ணை இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் குடும்பம் முழுவதற்கும் நான்தான் "ஏதாவது ஒரு பிறப்புச் சான்றிதழ் போதும்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். இப்போது "தப்பாச் சொல்லிட்டேன்" என்று பதினாறு பேருக்கும் எழுதினால் டெமெட்ரியா ஒரு வருடத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பாள். எங்கள் ஊர் அலுவலகத்தில் அரசுச் சான்றிதழ் வாங்க அரை நாள் போதும். அரை நாள்! "சரி" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன். கவுண்டரில் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலதிகாரி கேட்டார், கோபமாக இல்லை, இரக்கத்தோடுதான்: "இது போதும்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

ஜோனெல் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நான் கவுண்டரில் கொடுத்த என் கப்பல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லலைங்க," என்றாள் அவள். "நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

ரூபஸ் வெடித்தான். "இருபத்தஞ்சு வருஷத்துல ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு காகிதம். அதைக்கூட ஒழுங்கா கொண்டு வரத் தெரியலையா உனக்கு? இத்தனை பேரு முன்னாடி என் மானத்தை வாங்குறியே!"

"கத்தாதீங்க. பிள்ளைங்க பாக்குது." அவள் சான்றிதழை மறுபடி உறைக்குள் போட்டாள். "நீங்க போங்க. உங்க சொந்தம் எல்லாம் உங்களுக்காகத்தான் வந்திருக்கு. என் பெட்டியைக் கீழ இறக்கிக் குடுத்தாங்கன்னா நான் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்."

அவன் கோபத்தில் இருந்தான். கோபத்திலேயே கிளம்பிவிட்டான். நானும் அவன் பின்னால் நடந்தேன். கப்பலுக்கு ஏறும் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு புகைப்படக்காரர் எங்களை நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தார். அந்தப் படத்தில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன்.

மேல்தளத்தில் சாப்பாட்டுக் கூடம். பொரித்த கோழி, மக்காச்சோள ரொட்டி, இறால் எல்லாம் மலை மாதிரி குவிந்திருந்தன. ரூபஸ் ஒரு தட்டு நிறைய எடுத்து வந்து, அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். அவன் போனதும் டெமெட்ரியா ஒரு கோழிக் காலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆலையில நாள் பூராவும் காலையே பாத்துப் பாத்து, காகிதத்துலயும் ரெண்டு காலைப் பாத்ததும் சரியாத்தான் இருக்கும்னு தூக்கிட்டு வந்துட்டா போல!"

மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட என் முகம் சுடுகிறது. வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரூபஸ் என்னைப் போனில் கூப்பிட்டான். "அக்கா, என் ரூமுக்கு வா. இதையெல்லாம் கழட்டு. என்னால பாக்க முடியலை."

அலங்காரம் நான் சொல்லி வைத்ததுதான். சுவரில் வெள்ளிக் காகிதத்தில் இரண்டு பேர் பெயரும், நடுவில் இருபத்தைந்தும். கட்டிலில் துண்டுகளை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள். நான் நாற்காலியில் ஏறி ஒட்டுத்தாளைப் பிய்த்தேன். ஜோனெலின் பெயர் நீளம். அது வருவதற்கு நேரமானது. ரூபஸ் கட்டில் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரொம்பத் திட்டிட்டேன்க்கா."

நான் அடுத்த எழுத்தைப் பிய்த்தேன்.

"இன்னும் அங்கதான் இருக்கா. பெட்டி வரலையாம். இப்பத்தான் மெசேஜ் போட்டா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குறா." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஆனாலும் பாரு, நீ ஒருத்தி இருக்கியே, எல்லாம் தெரிஞ்சவ. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நாற்காலியில் நின்றபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, நான் சொன்னேன். "கேட்டா."

"என்னது?"

"கேட்டாடா. பத்து நாளைக்கு முன்னாடியே படம் எடுத்து அனுப்பிக் கேட்டா. செல்லாதுன்னு எனக்குத் தெரியும். நான் சரின்னு சொல்லிட்டேன். தப்பாச் சொன்னது நான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்தான். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். பெயர் எழுத்துகள் கையில் ஒட்டியிருக்க, நான் பின்னாலேயே ஓடினேன்.

பாலத்து வாசலில் இருந்த காவலர், "இறங்கிட்டா மறுபடி ஏற முடியாது சார், யோசிச்சுக்கங்க," என்றார்.

"யோசிச்சாச்சு. இறக்கி விடுங்க."

காவலர் எங்கோ போனில் பேசிவிட்டு, ரூபஸின் அட்டையை வாங்கிக்கொண்டார். நானும் என் அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, ரூபஸின் தோளைப் பிடித்தேன்.

"நானும் வரேன்டா. ஜோனெல் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கணும். இப்பவே கேக்கணும். என்னால தாங்க முடியலை."

ரூபஸ் என் கையைக் கீழே இறக்கினான். சிறு வயதில் அடுப்புப் பக்கம் போன என் கையை அம்மா இறக்குவது போல, நிதானமாக.

"நீ வராதே."

"ரூபஸ்..."

"நீ வந்தா அங்க உக்காந்து அழுவே. அவ தன்னோட அழுகையை விட்டுட்டு உன்னைத் தேத்திக்கிட்டு இருப்பா. உனக்காக இன்னிக்கு அவ செஞ்சது போதும்க்கா."

அவன் பாலத்தில் இறங்கிப் போனான். "உங்க அட்டையை என்ன செய்யட்டும்மா?" என்று காவலர் என்னிடம் கேட்டார். நான் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.