எடுக்காத அழைப்பு

ஹைதராபாத்திலிருந்து கோயம்புத்தூர் போன விமானத்தில் ரஞ்சனி துணை விமானி. திருச்செங்கோட்டுக்காரி. கீழே மேட்டூர் அணைத் தண்ணீர் வெயிலில் தகரம்போல மின்னிக்கொண்டிருந்தபோது இடதுபுறம் ஏதோ படீரென்று வெடித்தது.

விமானம் ஒருபக்கமாக இழுத்தது. தீ எச்சரிக்கை மணி அலறியது. காது அடைத்துக்கொண்டது, உள்ளேயிருந்த காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. இருவரும் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள்.

"நான் ஓட்டுறேன், கீழ இறக்குறேன். நீ என்ஜினப் பாரு" என்றார் கேப்டன் கௌதமன்.

பதற்றத்தில் நல்ல என்ஜினை அணைத்துவிட்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. அதனால் ரஞ்சனி எரிபொருளை நிறுத்தும் சுவிட்சில் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

"இடது என்ஜின். சரிங்களா சார்?"

"இடதுதான். நிறுத்து."

நிறுத்தினாள். அப்போது பின்னால் இருந்த பணிப்பெண்களிடமிருந்து அழைப்பு மணி அடித்தது. அவளையறியாமல் கை அந்தப் பக்கம் போனது.

"தீ அணையட்டும். அப்புறம் எடு."

மணி மறுபடி அடித்தது. மறுபடியும். அவள் என்ஜினுக்குள் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டு, சிவப்பு விளக்கு அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்த பிறகுதான் எடுத்தாள்.

"என்ஜின் துண்டு சன்னல ஒடச்சு ஒருத்தர் கழுத்துல பட்டுருச்சு" என்று அழுதாள் பணிப்பெண் சௌமியா. "ரத்தம் நிக்கல. சீக்கிரம் எறக்குங்க."

"சார், சேலத்துல எறக்க முடியாதுங்களா?"

"அந்த ஓடுதளம் நம்ம விமானத்துக்குப் பத்தாது. அத்தனை பேரும் போயிருவோம்."

கோயம்புத்தூரில் ஒற்றை என்ஜினோடு பத்திரமாக இறங்கினார்கள். அதற்குள் அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். பெயர் கோகுல்ராஜ், நாமக்கல்லில் முட்டை வியாபாரம்.

விமானிகள்மேல் தவறில்லை என்றது விசாரணை. பாராட்டி எழுதிய செய்தித்தாளை ரஞ்சனி மடித்து வைத்துவிட்டாள். இறந்தவர் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று கௌதமன் எவ்வளவோ சொன்னார். அவள் போனாள்.

கோகுல்ராஜின் மனைவி வசந்தாமணி கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டினாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பின்னாலருந்து உங்களக் கூப்புட்டாங்களாமா? நீங்க எடுக்கலீங்களாமா?"

"ஆமாங்க. தீ எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க. அத விட்டுட்டு எடுத்திருந்தா எல்லாருக்கும் ஆபத்துங்க."

"எடுத்திருந்தா இவரு பொழச்சிருப்பாருங்களா?"

"இல்லீங்கன்னு டாக்டர் சொன்னாருங்க. எனக்குத் தெரியலீங்க."

வசந்தாமணி வாசலைப் பார்த்தாள். வெளியே முட்டை லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது.

"இன்னொருக்கா இப்பிடி ஆனா?"

பொய் சொல்லலாம். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் கேட்கிறாள் என்று ரஞ்சனிக்குத் தோன்றியது.

"அப்பவும் அப்பிடித்தானுங்க செய்வேன்."

வசந்தாமணி தலையை ஆட்டினாள். "மத்தவங்கெல்லாம் ஊடு போய்ச் சேந்துட்டாங்க. நல்லதுதானுங்க. ஆனா அத நெனச்சா எனக்கு வயிறு எரியுதுங்க. என்னால வேற மாதிரி இருக்க முடியல."

"வேற மாதிரி இருக்க வேண்டாங்க."

"நீங்க கெளம்புங்க, சாமி. இனி வராதீங்க."

ரஞ்சனி எழுந்து கும்பிட்டாள். வசந்தாமணி திரும்பக் கும்பிடவில்லை. ரஞ்சனி முட்டை லாரியைச் சுற்றிக்கொண்டு காருக்கு நடந்தாள். மறுமாதம் வேலைக்குத் திரும்பினாள். நாமக்கல் பக்கம் பிறகு போகவேயில்லை.