பக்கத்து வீட்டுக்காரர்

அரசு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டுமானால் ஒரே நிபந்தனைதான்: பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கக் கூடாது. அச்சகத்தில் பைண்டராக இருந்த மகன், பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்ட அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அந்த விதியை வாசித்துக் காட்டினான். ஒரு தடவை போதும். இரண்டு தடவை வாசித்தான்.

"கையும் காலும்தான்டா போச்சு எருமை, காது இருக்கு," என்றார் அப்பா. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

மறுநாள் காலை விசாரணைக்கு அதிகாரி அம்மா வந்தார். பைண்டர் அப்போதுதான் சிறுநீர் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தான்.

"இவர் யாருங்கய்யா? மகனா?"

பைண்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மகனா? அந்தக் கொடுப்பினை எனக்கு ஏதும்மா! பக்கத்து வீட்டுக்காரர். மூஞ்சியைச் சுளிக்காம எல்லாம் செய்யறாரு. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான்."

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்று பைண்டரிடம் சொல்லிவிட்டு அதிகாரி படிவத்தில் எழுத ஆரம்பித்தார்.

மறுத்துச் சொல்ல நேரம் இருந்தது. அப்பாவைத் தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு போய்விட்டது, தனக்கு இரண்டு ஷிப்டு வேலை என்பதெல்லாம் பின்னாளில் அவன் தேடிக்கொண்ட சாக்குகள். அன்று அவன் நெஞ்சில் இருந்தது அப்பாடா என்ற நிம்மதி ஒன்றுதான்.

பத்தே நாளில் இல்லத்தில் இடம் கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனான். பணிப்பெண் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க! உக்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் அப்பா.

பிறந்ததிலிருந்து அவர் வாயால் அவன் 'வாங்க' கேட்டதில்லை. டேய், எருமை, மிஞ்சிப் போனால் தம்பி. பணிப்பெண் அழுக்குத் துணியோடு வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து குனிந்தான்.

"அப்பா, இப்ப யாரும் இல்லப்பா."

"தெரியுதுங்க."

"பின்ன என்ன? எப்பவும்போல டேய்னு கூப்பிடுங்களேன்."

அப்பா கதவைப் பார்த்தார்.

"வேணாங்க. தனியா இருக்கப்ப ஒண்ணு, ஆள் முன்னாடி ஒண்ணுன்னு பேசினா என்னிக்காவது நாக்கு காட்டிக் கொடுத்துடும். அப்புறம் என்னைக் கொண்டாந்து உங்க வீட்லதான் இறக்கி விடுவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்களும் அப்பான்னு கூப்பிடாதீங்க. ஐயான்னு சொல்லிப் பழகுங்க."

"சரிங்கய்யா," என்றான் பைண்டர்.

தடுமாறாமல் வந்தது.