சாட்சிக்கு வந்த கணுக்கால்கள்

லூபெனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. த்ரியாவ்னா என்ற மலையூரின் வாலிபால் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குச் சுளுக்கு எடுத்துவிடுவது அவர் பிழைப்பு. அவர் பார்க்காத கணுக்கால் அந்த மலைப்பக்கத்திலேயே கிடையாது. பிசகியது, வீங்கியது, பிசகாமலே பிசகிவிட்டதாகச் சொல்லி ஆட்டத்துக்கு மட்டம் போட வந்தது, எல்லாம் அவர் கையில் வந்து போயிருக்கிறது. சுளுக்கு வந்த பிறகு தடவிக் கொடுப்பதைவிட வராமலே பிடித்து வைத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. எலாஸ்டிக் நாடாவும் பின்னல் துணியும் வாங்கி வந்து, மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து, பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கிற ஒரு பட்டையைத் தைத்தார்.

தைத்த கையோடு ஊருக்கெல்லாம் கொடுத்தார். வேன் ஓட்டும் மின்கோவுக்கு ஒன்று, ரொட்டிக்கடை வெலிச்காவுக்கு ஒன்று. பாதிரியார் எவ்திமுக்குக் கணுக்காலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவருக்கு இரண்டு காலுக்கும் கொடுத்தார். அப்புறம் தெருவில் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். "எப்படி இருக்கு?" என்பார். "பிரமாதம் லூபென்" என்பார்கள். அந்த வார்த்தையைச் சாப்பிட்டே அவர் ஒரு குளிர்காலத்தை ஓட்டினார்.

அவருடைய அக்கா மகள் கமேலியா தலைநகர் சோபியாவில் காப்புரிமை விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். மாமா கேட்டார் என்று பட்டைக்கு ஒரு விண்ணப்பம் போட்டாள். கொஞ்ச காலம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலித்த யோர்தானோவா என்ற அதிகாரி எங்கேயோ தேடி ஒரு படத்தைப் பிடித்திருந்தார். த்ரியாவ்னா வசந்த விழாவில் எடுத்தது. விண்ணப்பத்துக்கு வெகு நாள் முந்தையது. நடன வரிசையின் முன்னால் கைக்குட்டையைச் சுழற்றியபடி வெலிச்கா. அவள் காலில் பட்டை. நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள்.

கமேலியா போன் செய்தாள். "மாமா, நீங்க மட்டும் வாங்க. பேசுறத நான் பேசிக்கிறேன். கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"அந்த அம்மாவுக்குப் பட்டை மேல சந்தேகமா?"

"புதுசான்னு சந்தேகம்."

லூபெனின் காதில் 'சந்தேகம்' மட்டும்தான் விழுந்தது. சந்தேகத்துக்கு மருந்து சாட்சி. மறுநாளே மின்கோவிடம் வேனைக் கழுவச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் யோர்தானோவாவின் அறை சின்னது. மேஜைமேல் லூபென் அனுப்பியிருந்த பட்டை கிடந்தது. அந்த அம்மாள் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. கதவு திறந்து லூபென் வந்தார், பின்னால் மின்கோ, வெலிச்கா, கடைசியில் கறுப்பு அங்கி கதவில் மாட்டிக்கொள்ள பாதிரியார் எவ்திம். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கமேலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவங்கெல்லாம் யாரு?" என்றார் யோர்தானோவா.

"சாட்சிங்க மேடம்" என்றார் லூபென். "நான் சொன்னா பெருமைக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க. இவங்க வாயால கேளுங்க."

"மேடம், இவங்க விசாரணையில..." என்று கமேலியா ஆரம்பிப்பதற்குள் மின்கோ முந்திக்கொண்டான்.

"நான் ரெண்டு வருஷமா போட்டிருக்கேன் மேடம். கழட்டுறதே இல்ல. பிரேக்கை மிதிக்கும்போது காலு இரும்பு மாதிரி நிக்குது."

யோர்தானோவா பேனாவை எடுத்தார். "ரெண்டு வருஷமாவா? விண்ணப்பம் போன வருஷம்தானே வந்துச்சு?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே!" என்றான் மின்கோ பெருமையாக.

"இவனுக்கு முன்னாடியே எனக்குக் கொடுத்தாரு" என்றாள் வெலிச்கா. ரொட்டிக்கடையும் நடனக் குழுவும் அவள் கையில் இருந்ததால் எதிலும் அவள்தான் முதலில் நிற்கவேண்டும். "விழாவுல ஊரே பாத்துச்சு. என்கிட்ட வந்து இது எப்படித் தச்சதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் கழட்டியே காட்டினேன்."

மேஜைக்கடியில் கமேலியா விட்ட உதை லூபெனின் முழங்காலில் விழுந்தது. சந்தோஷத்தில் உதைக்கிறாள் என்று நினைத்து அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

யோர்தானோவா எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "லூபென் அவர்களே, சட்டம் ரொம்ப எளிசு. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தா அது புதுசு இல்ல. புதுசு இல்லன்னா காப்புரிமை இல்ல. நான் ஒரு படத்தை வச்சுக்கிட்டு யோசிச்சிட்டிருந்தேன். நீங்க ஊரையே கூட்டிட்டு வந்து என் வேலையைச் சுலபமாக்கிட்டீங்க."

"நல்லா இருக்குன்னுதானே மேடம் சொன்னாங்க?"

"மாமா, அதுதான் வினை" என்றாள் கமேலியா. கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு எல்லோரையும் வராந்தாவுக்கு ஓட்டிப் போனாள்.

வராந்தாவில் அவள் மாமாவைச் சுவரோரம் நிறுத்தினாள். "அப்பக் கொடுத்ததும் இப்ப மேஜைமேல கிடக்கிறதும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான். முதல் நாளே சரியாத் தச்சிட்டேன்."

"எதையுமே மாத்தலையா?"

"மாத்தினதுன்னு சொல்லப்போனா... நாடா உள்பக்கமா இருந்து வரும். அத வெளிப்பக்கமாத் திருப்பினேன். குதிகாலுக்கு இறுக்கமா ஒரு கிண்ணம் பின்னி வச்சேன். அதெல்லாம் சும்மா அழகுக்கு."

கமேலியாவின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. "அழகுக்கா? பழசு சரியா நிக்காததாலதானே மாத்தினீங்க?"

"பழசுக்கு என்ன குறை?" என்று லூபெனுக்குக் கோபம் வந்தது. "இவங்களைக் கேளு!"

அவள் கேட்டாள். மூன்று பேரும் ஒரே குரலில் பிரமாதம் என்றார்கள்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் கமேலியா பல்லைக் கடித்துக்கொண்டு. "பழசு நல்லா இருந்துச்சுன்னா இவருக்கு எதுவும் கிடைக்காது. பழசு மோசம், புதுசுதான் பிடிக்குதுன்னா கிடைக்கும். பொய் சொல்லச் சொல்லல. உண்மையா எப்படி இருந்துச்சோ அத உள்ள வந்து சொல்லுங்க."

மின்கோ செருப்பைப் பார்த்தான். வெலிச்கா ஜன்னலைப் பார்த்தாள். பாதிரியார் கூரையைப் பார்த்தார், அங்கிருந்து உத்தரவு வரும் என்பதுபோல. லூபென் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொல்ல இவர்களுக்கு எதற்கு இவ்வளவு யோசனை?

உள்ளே போனதும் முதலில் எழுந்தவர் பாதிரியார்தான். "நான் இதுவரைக்கும் பொய் சொல்லல மேடம். என்னை யாரும் இன்னும் கேட்கல, அவ்வளவுதான். லூபென் எனக்கு ரெண்டு கொடுத்தார். கோயில் மெழுகுவத்தியைக் கட்டு கட்டா அதுலதான் சுத்தி வச்சிருக்கேன். மெழுகுவத்தியை நல்லாப் பிடிக்குது."

"காலை?"

"காலை ஒரே ஒரு நாள் பிடிச்சுது. அன்னிக்குப் பிரசங்கம் முடியறதுக்குள்ள விரல்கிட்ட வந்து சுருண்டுக்கிச்சு. ஆண்டவர் வார்த்தையைச் சொல்லிக்கிட்டே காலை உதறிட்டு இருந்தேன். ஜனங்க ரொம்ப உருக்கமா இருந்துச்சுன்னு சொன்னாங்க."

ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்களுக்கு மடை திறந்துவிட்டது. கழட்டுவதே இல்லை என்று மின்கோ சொன்னது உண்மைதானாம். வேனின் பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்ததிலிருந்து டிக்கியைக் கட்டி வைத்திருப்பதே அந்தப் பட்டைதான், அதனால் கழட்டுவதில்லை. "பிரேக்கை மிதிச்சேன்னு சொன்னது மட்டும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னது."

லூபென் மெதுவாக வெலிச்கா பக்கம் திரும்பினார். "நீ ஆடினியே. விழாவுல. படமே இருக்கு."

"படம் எடுத்த வரைக்கும் ஆடினேன்" என்றாள் வெலிச்கா. "அடுத்த அடியில அது வழுக்கி உள்ளங்காலுக்குப் போயிடுச்சு. நான் விழுந்தேன். கையைக் கோத்துக்கிட்டு ஆடுற ஆட்டம் லூபென், ஒருத்தி விழுந்தா சும்மா போகுமா? வரிசை முழுக்க விழுந்துச்சு."

"செருப்பு வழுக்கிடுச்சுன்னு சொன்னியே!"

"செருப்பு மேல பழியைப் போட்டேன். செருப்புக்கு மனசு நோகாதுல்ல?"

யோர்தானோவாவின் பேனா நின்றது. "எத்தனை பேர் விழுந்தாங்க?"

"பைக்குழல் ஊதினவரையும் சேர்த்தா?"

லூபென் தொப்பியைக் கழற்றினார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தெருத்தெருவாக வாங்கிய பிரமாதங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. ரொட்டியை நீட்டிக்கொண்டே வெலிச்கா சொன்னது, பூசை முடிந்து பாதிரியார் தோளைத் தட்டிச் சொன்னது. இவர்கள் ஒரு கிழவனுக்கு மிட்டாய் கொடுப்பதுபோல அல்லவா கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது.

அதிகாரிக்கோ சுறுசுறுப்பு வந்துவிட்டது. மின்கோவைக் கீழே அனுப்பி டிக்கியிலிருந்து பட்டையை அவிழ்த்துவரச் சொன்னார். அது கிரீஸும் புழுதியுமாக வந்தது. காகிதம் விரித்து அதன்மேல் வைத்து, நாடா எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மின்கோவின் ஒரு காலில் பழையதும் இன்னொரு காலில் புதியதும் மாட்டி வராந்தாவில் நடக்கவிட்டார். பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மின்கோ திரும்பி வருவதற்குள் பழையது கட்டைவிரலில் வளையம்போல் தொங்கியது. புதியது போட்ட இடத்திலேயே இருந்தது.

"வித்தியாசம் இருக்கு" என்றார் யோர்தானோவா. "ஆனா ஒண்ணு. இந்தக் கிண்ணத்தையும் நாடாவையும் அழகுக்குத்தான் மாத்தினீங்கன்னா அதுக்கு நான் காப்புரிமை தரமாட்டேன். ஏன் மாத்தினீங்க?"

கமேலியா மாமாவைப் பார்த்தாள். இந்தமுறை உதைக்கவில்லை.

லூபென் தொப்பியை மடியில் வைத்து இரண்டு சுற்று சுற்றினார். "ஊறப்போட்ட முட்டைக்கோஸ் எடுக்க நிலவறைக்குப் போனேன் மேடம். பட்டை போட்டிருந்தேன். பாதிப் படியில வழுக்கிடுச்சு. ஜாடியோட கீழ வந்து சேர்ந்தேன். அங்கேயே முட்டைக்கோஸ் தண்ணியில உக்காந்து யோசிச்சேன். உள்பக்கத்து இழுப்புக்குப் பிடிமானமே இல்ல, குதிகால்ல ஒண்ணு கவ்வணும், அங்கேயிருந்து வெளிப்பக்கமா மேல தூக்கணும்னு புரிஞ்சுது."

"வீட்டுல சொல்லலையா?"

"பூனை குறுக்க வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"உங்க வீட்டுல பூனையே கிடையாதே" என்றாள் வெலிச்கா.

"பக்கத்து வீட்டுப் பூனை!"

யோர்தானோவா முகத்தைப் பட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. நிமிர்ந்தபோது பழைய அதிகாரியாகவே இருந்தார். குதிகால் கிண்ணமும் அதிலிருந்து வெளிப்பக்கமாக ஏறும் நாடாவும் சேர்ந்ததற்கு மட்டும் உரிமை கேட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஆனால் பழைய பட்டையைப் பற்றி விவரணையில் ஒளிக்காமல் எழுதவேண்டும். அவர் சொல்லச் சொல்லக் கமேலியா எழுதினாள்:

"முன்னர் அறியப்பட்ட பட்டையானது நடக்கும்போது விரல்களை நோக்கி வழுக்கிச் செல்வதுடன், அணிந்தவர் விழவும் காரணமாகிறது."

"மேடம்" என்றார் லூபென் பரிதாபமாக. "'சில சமயம்'னு ஒரு வார்த்தை போடலாமா?"

"எந்தச் சமயம் வழுக்கல?"

லூபென் பாதிரியாரைப் பார்த்தார்.

"மெழுகுவத்திக்கு நல்லாப் பிடிக்கும்னாவது போடுங்களேன்."

"அதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும்" என்றார் யோர்தானோவா.

டிக்கியின் பட்டையைக் கோப்போடு வைத்துக்கொண்டார்கள். மின்கோ ஒரு துண்டுக் கயிறு தேடிக் கட்டி வண்டியைக் கிளப்பினான். காப்புரிமை கிடைத்த மாதிரிதான் என்று கமேலியா வாசலில் மாமாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஆனாலும் வேன் என்னவோ இழவு வீட்டுக்குப் போய்வருகிற மாதிரி ஓடியது. லூபென் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். இடையில் பாதிரியார் இரண்டுமுறை தொண்டையைச் செருமிப் பார்த்தார். பலனில்லை.

மலையேறும் முன் சாலையோரக் கடையில் அவரைக்கொட்டை சூப் குடிக்க வேனை நிறுத்தினார்கள். சூப் வந்தது. லூபென் கரண்டியைத் தொடவில்லை. அன்று காலை புறப்படும்போது அவர் கொடுத்த புதிய பட்டையை வெலிச்கா மரியாதைக்காகக் காலில் மாட்டி வந்திருந்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்:

"லூபென், இதுவும் கடிக்குது."

மின்கோவின் கரண்டி பாதிவழியில் நின்றது.

"எங்க?" என்றார் லூபென்.

"சுண்டுவிரல் பக்கம். காலையிலேர்ந்து உயிர் போகுது."

"காலையிலேர்ந்தா? ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா நீ மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வேற கடையில ரொட்டி வாங்கப் போயிடுவே."

லூபென் அவளை முறைத்தார். கோபம் பாதியிலேயே தளர்ந்தது. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்து, "காலைக் கொடு" என்றார். அவள் இன்னொரு நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்தாள். அவர் கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினார். "இங்கயா? இல்ல, இந்த மடிப்பா?"

"ஆ! அங்கதான், பாவி!"

"வலது காலுக்கு ஒரு மாதிரி, இடது காலுக்கு ஒரு மாதிரி தைக்கணும் போல" என்றான் மின்கோ, தயங்கித் தயங்கி. லூபென் கத்தவில்லை என்று கண்டதும் தைரியம் வந்தது. "அப்புறம் போடும்போது எது முன்பக்கம் எது பின்பக்கம்னே தெரியல."

"நனைஞ்சா காயமாட்டேங்குது" என்றார் பாதிரியார். "மன்னிக்கணும்."

"ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!" என்றார் லூபென். சட்டைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து வெலிச்காவின் காலில், பட்டைமேலேயே ஒரு கோடு போட்டார். இன்னொன்று போட்டார். சூப்பின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யார் காலை வைத்திருப்பது என்று பரிமாறுகிற பெண் அதட்டிக்கொண்டே வந்தாள்.

"வாம்மா" என்றார் லூபென், நிமிராமலே. "அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கு. வெளிச்சம் பத்தல."